கெட்ட செய்தி கொண்டு வருபவரை ஏசாதீர்கள்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டே இந்த வாரம் ஆரம்பிக்கிறேன். 2021 ஆம் ஆண்டின் கடைசியில், கட்டுகஸ்தோட்டையிலுள்ள எனது பேக்கரியில் வேலை செய்யும் தம்பி ஒருவர், "முதலாளி, கேஸ் மணக்குது" என்றார். "பதினெட்டு வருஷமா இந்த இடத்துல ஒண்டும் நடக்கல்ல, நீ வேலையப் பாரு" என்று ஏசிவிட்டேன். மறுநாளும் சொன்னார், மறுபடியும் ஏசினேன். மூன்றாம் நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பகல் எனக்கே மணம் வந்தது. சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தோம். இறப்பர் குழாயில் குமிழி கிளம்பியது.

அல்ஹம்துலில்லாஹ், தீ மூளவில்லை. குழாயை மாற்றப் பெரிய செலவும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் அந்தத் தம்பி ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை. அவரை ஊமையாக்கியது நான்.

அந்த மாதங்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். நாடெங்கும் எரிவாயு வெடிப்புச் சம்பவங்கள் நடந்தன, உயிர்களும் போயின. சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டதே பிரதான காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு கண்டது. புரொப்பேன் கூடினால் அமுக்கமும் கூடும். அடுப்பும் குழாயும் பழையபடியே இருக்க, உள்ளே இருந்த சரக்கு மாறியிருந்தது. எனது பதினெட்டு வருடக் கணக்கு பிழைத்தது அங்கேதான்.

எண்ணெய், எரிவாயு எடுக்கும் பெரிய கம்பனிகளும் இதே கணக்கில் பிழை விட்டிருக்கின்றன. மும்பை நகரம் பெருமழையில் மூழ்கிய மறுநாள், 2005 ஜூலை 27 ஆம் திகதி, ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் 'மும்பை ஹை' கடல் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் நின்றது. அதன் சமையற்காரருக்கு விரலில் வெட்டுக்காயம். அவரைக் கிரேன் மூலம் மேடைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கடலோ கொந்தளிப்பு, கப்பலை நிலையாக நிறுத்தும் உந்தியில் கோளாறு, காற்று மறைவான பக்கத்துக் கிரேன் வேலை செய்யவில்லை. ஆகவே காற்று அடிக்கும் பக்கமாகவே கப்பல் நெருங்கியது. சமையற்காரர் ஏறிவிட்டார். ஆனால் கப்பல் எரிவாயுக் குழாயில் மோதியது. இரண்டு மணித்தியாலத்தில் மேடையே எரிந்து கடலில் விழுந்தது. 22 பேர் மாண்டனர். தனித்தனியே பார்த்தால் எல்லாம் சின்னக் குறைகள். அவை ஒன்றுசேர்ந்தபோதுதான் அழிவு வந்தது.

2010 ஏப்ரல் 20 இல் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வோட்டர் ஹொரைசன்' என்ற துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தனர். ஏழு வருடமாகப் பெரிய காயமில்லாமல் வேலை நடந்ததைப் பாராட்ட மேலதிகாரிகள் வந்திருந்த அதே நாள் அது! அன்று கிணற்றைச் சோதித்தபோது துளைக்குழாயில் அமுக்கம் ஏறியது. பக்கக் குழாயில் பூச்சியம் காட்டியது. மனதுக்கு ஆறுதலான எண்ணை நம்பி வேலையைத் தொடர்ந்தார்கள். ஆபத்தென்றால் எவரும் வேலையை நிறுத்தலாம் என்று அங்கும் விதி இருந்தது. விதி கடதாசியில் இருந்தது.

விமானந்தாங்கிக் கப்பல், அணுமின் நிலையம் போன்ற ஆபத்தான இடங்களில் பெரும் விபத்து ஏன் குறைவு என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் 1980களிலிருந்து ஆராய்ந்தார்கள். அங்கே கண்ட பழக்கங்கள் ஐந்து. சின்னப் பிழையையும் பெரிதாக எடுப்பது. இலகுவான விளக்கத்தோடு திருப்திப்படாமல் தேடுவது. வேலை நடக்கும் இடத்தில் கண் வைப்பது. பிழை நடந்தால் உடனே சமாளிக்கத் தயாராக இருப்பது. ஐந்தாவது, நெருக்கடியில் பதவியைப் பாராமல் விடயம் தெரிந்தவரின் சொல்லுக்கு விட்டுக்கொடுப்பது.

இவையெல்லாம் பெரிய கம்பனிகளுக்கு, எமது கடைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். உண்மையில் எமக்குத்தான் இது இலகு. கண்டி கொழும்பு வீதியிலோ அக்குறணையிலோ ஒரு சாப்பாட்டுக் கடையில் முதலாளிக்கும் அடுப்படிக்கும் இடையில் பத்து அடி தூரம்தான். ஆனால் ஏச்சுக்குப் பயந்தால் அந்தப் பத்து அடியைக்கூட ஒரு செய்தி தாண்டாது.

"சும்மா சும்மா அடுப்பை நிறுத்தினால் வியாபாரம் என்னாவது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எனது கடையிலும் அதன்பிறகு இரண்டு தடவை வீணாக நிறுத்தினோம். ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலம் போனது. அந்த நட்டத்தை நான் வாடகை, மின்சாரம் போல ஒரு செலவாகவே எழுதுகிறேன். நிறுத்தியவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் மூன்றாவது தடவை எவரும் நிறுத்த மாட்டார்கள்.

2011 இல் மன்னார்க் கடலில் துளையிட்டபோது எரிவாயு இருப்பது தெரிய வந்தது. அங்கே மீண்டும் வேலை தொடங்கும் நாளில், எத்தனை வருடம் விபத்தில்லை என்று மட்டும் கேட்டால் போதாது. வேலையை நிறுத்தும் துணிவு கடைசித் தொழிலாளிக்கு உண்டா என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு முன், நாளை காலை கடை திறந்ததும் எமது ஊழியர்களிடம் ஒரு வார்த்தை சொல்வோம்: "மணம் வந்தால் என்னைக் கேட்க வேண்டாம், முதலில் மூடுங்கள்." எனது கடையில் இப்போது தினமும் காலையில் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பவர் அந்தத் தம்பிதான்.