எல்லாமே மஞ்சப்பூ தானாம்!

"அது ஏதோ மஞ்சப்பூடா, விடு." எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தாவரவியல் இவ்வளவுதான். மலர்ச் சூத்திரத்தைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். வாசலில் பூத்திருப்பதன் பேரைக் கேட்டால் முழிப்பார்கள். கோபம் வருமா வராதா, சொல்லுங்கள்!

நிறத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது மக்களே. இலையைப் பாருங்கள், அது நிற்கிற இடத்தைப் பாருங்கள். வறண்ட கரம்பில் புதர், ஜோடி ஜோடியாகச் சிற்றிலை, தட்டைக் காய் என்றால் ஆவாரை. மணல் தரையோடு படர்ந்து, ஐந்து இதழ்ப் பூவும் காலில் குத்தும் முள்காயும் இருந்தால் நெருஞ்சி. தரிசிலோ ரோட்டோரத்திலோ முள் விளிம்பு இலை, வெளுத்த நரம்பு, கிள்ளினால் மஞ்சள் பால் என்றால் பிரம்மதண்டு. குடியோட்டிப் பூண்டு என்பதும் இதைத்தான்.

"இதெல்லாம் தெரிஞ்சு என்னடா பண்றது?" என்று சிரிப்பவர்களுக்கு: பிரம்மதண்டு விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். ஆனால் விஷம். 1998-ல் டெல்லியில் இதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

ஆவாரம்பூவைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிக்கிற ஊர் நம்முடையது. இங்கே "எல்லாம் மஞ்சப்பூ" என்பது ஜோக் இல்லை. நாளைக்கு பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம் குனிந்து பாருங்களேன்.