ஏழு குழுக்களும் ஒரு கணக்கும்

பிரதமர் இல்லை, ஆளுங்கட்சி இல்லை, வழக்கமான பொருளில் அமைச்சரவையும் இல்லை. ஆனால் அமைச்சர்கள் உண்டு. 1931 முதல் 1947 வரை இலங்கையில் நடந்த டொனமூர் ஆட்சி அப்படிப்பட்டது. அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள்; உள்நாட்டு அலுவல், விவசாயம், கல்வி, சுகாதாரம் என்று குழுவுக்கு ஒரு துறை. ஒவ்வொரு குழுவும் இரகசிய வாக்கெடுப்பில் தன் தலைவரைத் தெரிவு செய்யும், அவரையே ஆளுநர் அமைச்சராக நியமிப்பார். கட்சிகள் வேரூன்றாத, இனவாரிப் பிரதிநிதித்துவத்துக்குப் பழகிப்போன நாட்டில், எல்லாரும் ஒரே மேசையில் இருந்து வேலை செய்தால் இனப் பிளவு கரையும் என்பது இந்த முறையைப் பரிந்துரைத்த டொனமூர் ஆணைக்குழுவின் நம்பிக்கை.

முதல் தடவை அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் தேர்தல் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தபோதும், 1931இல் தொழில் அமைச்சராக மலையகத் தமிழர் பெரி சுந்தரமும் போக்குவரத்து அமைச்சராக முஸ்லிமான மாக்கான் மாக்காரும் வந்தார்கள். ஆனால் 1936இல் ஏழு அமைச்சர்களும் சிங்களவர். இதற்கு எந்தச் சட்டமும் மீறப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. குழுவில் ஏறக்குறைய எட்டுப் பேர். ஐந்து வாக்கு போதும். சபையில் பெரும்பான்மை உள்ளவர்கள் தங்கள் ஆட்களை ஏழு குழுக்களிலும் சீராகப் பரப்பிவிட்டால், ஏழு தலைமையும் அவர்களுக்கே. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது, அவர் தமிழர். ஆகவே அமைச்சர் யார் என்பது குழு அறையில் முடிவாகவில்லை, யார் எந்தக் குழுவுக்குப் போவது என்ற முந்தைய கட்டத்திலேயே முடிந்துவிட்டது. பழியை ஏற்கவும் ஆளில்லை. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரை மட்டும்தானே தெரிவு செய்தது!

இந்தக் குறைகூறலுக்கு மறுப்புகள் உண்டு. பிரித்தானியரிடம் அரசியலமைப்புச் சீர்திருத்தம் கேட்க ஒருமித்த அமைச்சர் குழாம் தேவைப்பட்டது என்பார்கள். ஒற்றுமை வேண்டுமென்றால் மற்ற இனத்தாரைச் சேர்த்துக்கொண்டு அதைக் காட்டியிருக்கலாம். 1942இல் தமிழரான அருணாசலம் மகாதேவா உள்நாட்டு அமைச்சர் ஆனாரே என்றால், ஆறு வருடம் கழிந்த பிறகு, டி. பி. ஜயதிலக்க விலகிய இடத்துக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கனமான மறுப்பு வேறு: கன்னங்கரா தலைமை தாங்கிய கல்விக் குழுவின் உழைப்பில்தான் 1945இல் இலவசக் கல்வி பிறந்தது. உண்மை. துறையை நடத்த அந்தக் குழுக்கள் நல்ல கருவி. ஆளைத் தெரிவு செய்யும் வேலைக்குத்தான் அவை உதவவில்லை.

பிரதமர் தெரிவு செய்யும் அமைச்சரவையிலும் பெரும்பான்மையின் கைதான் ஓங்கும். ஆனால் அங்கே யாரை விட்டார், ஏன் விட்டார் என்று கேட்பதற்கு ஒரு முகம் இருக்கிறது, பேரம் பேசவும் இடம் இருக்கிறது. 1947இல் டி. எஸ். சேனநாயக்க அமைத்த முதல் அமைச்சரவையில் இரண்டு தமிழர் இருந்தார்கள். ஒருவர் சி. சிற்றம்பலம். வர்த்தகத்தைப் பெற்ற மற்றவர் அதே சுந்தரலிங்கம்.