அம்மா பேசாமல் இருந்த எட்டு மாதம்

வானொலியில் வேலை செய்பவனுக்கு ‘ழ’ ஒரு தொழில் ஆபத்து. காலை நிகழ்ச்சியில் ‘மழை’ அவசரத்தில் ‘மளை’யாகிவிட்டால் போதும், அடுத்த பாட்டு முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் நான்கு நேயர்கள் பிடித்துவிடுவார்கள். திட்டுவதற்காகவாவது கேட்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொள்வேன். ஆனால் பேச்சை வைத்து ஒருவரை எடைபோடுவது எவ்வளவு சுலபம், அதில் எவ்வளவு தவறு நேரலாம் என்பதை என் அக்கா மகன்தான் எனக்குப் புரியவைத்தான்.

மூன்று வயது தாண்டியும் அவனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. ‘தண்ணி’, ‘வேணாம்’, ‘பஸ்’, ‘நோ’ என்று ஒற்றைச் சொற்கள்தான். பாலர் பள்ளி ஆசிரியர் கவலைப்பட்டார். பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒருவர், “ரெண்டு மொழி பேசிப் பிள்ளையைக் குழப்புறீங்க. இங்கிலீஷ் மட்டும் பேசுங்க” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அக்காவும் அத்தானும் அன்று இரவே மாறிவிட்டார்கள்.

மாற முடியாதவர் அம்மா. பகல் முழுக்கப் பேரனைப் பார்த்துக்கொள்பவர் அவர். அவருடைய ஆங்கிலம் ஈரச்சந்தையில் மீன் விலை பேசும் அளவுக்குத்தான். “கம், ஈட்”, “டோன்ட் ரன்”, “குட் பாய்”. அதோடு சரி. குளிப்பாட்டும்போது பாடுவார், சோறு ஊட்டும்போது சன்னல் வழியாக மைனாவோடு சண்டை போடுவார், மின்தூக்கியில் மாடி எண்களை உரக்க எண்ணுவார். எல்லாம் நின்றது. எட்டு மாதம். அம்மா அப்படி வாய் மூடிக்கிடந்ததை நான் பார்த்ததே இல்லை, அப்பா இறந்தபோதுகூட.

பையனுக்கு ஆங்கிலம் வளரவில்லை. இருந்த தமிழும் தேய்ந்தது.

பிறகுதான் அந்தப் பேச்சு, மொழி சிகிச்சையாளரைச் சந்தித்தோம். பாலர் பள்ளிகளுக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பார்ப்பவர். தமிழ்ப் பெண். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “இவன்கிட்ட அதிக நேரம் பேசுறது யாரு?”

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம்.

“பாட்டி, நீங்க என் பக்கத்துல வந்து உக்காருங்க” என்றார்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டார். அவனுக்கு ‘நாய்’ தமிழில் மட்டும் தெரியும். ‘பால்’ ஆங்கிலத்தில் இருந்தால் அது பந்து, தமிழில் இருந்தால் குடிக்கிற பால். இரண்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது! ஆங்கிலத்தில் மட்டும் எண்ணினால் கைப்பிடி அளவுதான் தேறியது. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இருமொழிப் பிள்ளையை ஒரு மொழியில் மட்டும் சோதிப்பது ஒரு கண்ணை மூடிவிட்டுப் பார்வையைச் சோதிப்பது போல என்றார் அவர்.

இந்த இடத்தில், பையனுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்கலாம். அப்படி இல்லை. சேர்த்து எண்ணியும் அவன் வயதுக்குக் குறைவுதான். மொழி வளர்ச்சிக் குறைபாடு இருந்தது, சிகிச்சையும் தேவைப்பட்டது. ஆனால் அதற்குத் தமிழ் காரணம் இல்லை. உண்மையான குறைபாடு பிள்ளையின் இரண்டு மொழியிலும் தலைகாட்டும். ஒன்றில் மட்டும் தடுமாறினால், பெரும்பாலும் அந்த மொழி காதில் போதுமான அளவு விழவில்லை என்று பொருள். இரண்டு மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் குறைபாடு வருவதில்லை.

அவர் வேலையைப் பற்றிப் பிறகு ஒருநாள் தேநீர் குடித்தபடி நிறையக் கேட்டேன். (நிகழ்ச்சிக்குப் பேட்டி கேட்டேன், மறுத்துவிட்டார். மைக் என்றால் பயமாம்.) தமிழ் பேசும் நான்கு வயதுப் பிள்ளை ‘ஃபிஷ்’ஷை ‘பிஷ்’ என்கிறது, ‘ஐ ஸ்கூல் கோ’ என்கிறது. தமிழ் தெரியாதவர் இரண்டையும் பிழை என்று குறித்துவிடக்கூடும். தமிழில் ‘ஃப’ இயல்பான ஒலி இல்லை, வினை கடைசியில்தான் வரும் என்பது தெரிந்தவருக்கு அது தமிழின் சாயல். ‘வாழைப்பழம்’ ‘வாயப்பயம்’ ஆவதற்கும் அந்த வயதில் அவர் பதற்றப்படுவதில்லை. ‘ழ’ தாமதமாக வரும் ஒலி. சிலருக்கு வராமலே போகும், சிலர் வானொலியில்கூட வேலை பார்ப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சோதிப்பதில் உள்ள சிக்கலை நான் யோசித்ததே இல்லை. பள்ளியில் அவசரத்துக்குத் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள். பிள்ளை “அண்ணன் நேத்து பந்து போடுறான் நான்” என்று சொல்லும். அவர் பாவம், அழகான ஆங்கில வாக்கியமாகத் திருத்திக் கொடுத்துவிடுவார். தேட வந்த குறையே அந்தத் திருத்தத்தில் மறைந்துவிடுகிறது.

இந்தப் படிப்பு உள்ளூரில் இல்லாத காலம் இருந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2007ல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அதற்கு முன்பு வெளிநாடுதான் போக வேண்டும். இப்போதும் தமிழில் சோதிக்கக்கூடியவர்கள் குறைவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். 2010ல் அது 41.6. பல வீடுகளில் மிச்சத் தமிழ் தாத்தா பாட்டியிடம்தான் இருக்கிறது. அவர்களைத்தான் முதலில் வாய் மூடச் சொல்கிறோம்.

அக்கா மகன் இப்போது தொடக்கநிலை ஒன்றில். தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு கேட்பதா என்று அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. சிகிச்சையாளரும் அதில் அவசரப்படுத்தவில்லை. “பாடம் வேற, வீட்டுப் பேச்சு வேற. பாட்டி மட்டும் நிறுத்தக்கூடாது” என்றார்.

அம்மாவுக்கு அவர் இரண்டு வேலை கொடுத்திருக்கிறார். பையன் தப்பாகச் சொன்னால் திருத்தாமல், சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லவேண்டும். கேள்வி கேட்டால், ஐந்து எண்ணும்வரை வாய் திறக்காமல் காத்திருக்கவேண்டும். முதலாவது அம்மாவுக்கு ஏற்கெனவே பழக்கம். இரண்டாவதுதான் தவம்.

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் பையன், “பாட்டி, நேத்து பஸ் போறேன்” என்றான்.

“நேத்து பஸ்ல போனியா? எங்க போன?”

மேசைக்கு அடியில் அம்மா விரல் மடக்குவது எனக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“தேக்கா போனேன்” என்றான்.