கல்லூரிக்கொரு நடைச்சங்கம்

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், பனிக்காலம் முழுதும் அறைக்குள் அடைந்து கிடந்த தம் தோழர்களை வெளியே அழைக்கவேண்டுமென்று பிரெட் ஹாரிஸ் என்னும் மாணவர் 1909-ஆம் ஆண்டு கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த சங்கம், நூறாண்டு கடந்த பின்னும், பாதையில் சாய்ந்த மரத்தை அறுத்து அகற்றுவதும், மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டுவதும், மரங்களில் வழிக்குறி தீட்டுவதும் தன் கடமையென்று கருதி, 50 மைலுக்கு மேற்பட்ட மலைவழியைப் பராமரித்து வருகிறது. புதிதாகச் சேருவோரை மூத்த மாணவர்களே மலைக்கு அழைத்துச் செல்லும் சம்பிரதாயமும் அங்கே 1935 முதல் உண்டு.

நடை நமக்கு அந்நியமான விஷயமன்று. சேலத்தில் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் விளங்கிய ராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை சுமார் 150 மைல் தொண்டர்களோடு நடந்தபோது, அவர்கள் பாடிச் சென்ற பாட்டை இயற்றியவர் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை. அக்கவிஞரின் பெயர் தாங்கிய அரசு மகளிர் கல்லூரி இன்று நாமக்கல்லில் இருக்கிறது. வடக்கே சேர்வராயன், மேற்கே கஞ்சமலை, கிழக்கே கொல்லிமலை என்று மலைகள் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியில் படிக்கும் நம் பிள்ளைகளோ, 70 கொண்டை ஊசி வளைவுகளை மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்குவதையே கொல்லிமலையைப் பார்த்ததாக எண்ணித் திருப்தியடைகிறார்கள். புளியஞ்சோலையிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையில் கால் வைத்தவனுக்கே, எந்த உயரத்தில் காற்று குளிர்கிறது, எங்கே ஊற்று கசிகிறது, மலைவாசிகள் எவ்வளவு சுமையோடு இறங்குகிறார்கள் என்பது புலப்படும்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைத்துப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆனால், சருகு காயும் கோடையில் மலையேறலாகாது, வனத்துறையின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றிப் புறப்படலாகாது என்ற ஒழுங்கு, நண்பர் நாலுபேர் திடீரென்று கூடிக் கிளம்பும் பிரயாணத்தில் உண்டாவதில்லை; ஆண்டுதோறும் மூத்தோர் இளையோருக்குக் கற்பித்துச் செல்லும் சங்கத்திலேதான் அது நிலைபெறும். 2024-இல் தமிழக அரசு 40 மலையேற்ற வழிகளை முறைப்படுத்தி, பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியிருப்பதும் இதற்குப் பேருதவியாகும்.

ஆதலால் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் கல்லூரி முதல்வர்கள், வரும் கல்வியாண்டிலேயே, பொறுப்புள்ள ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் ஆளுக்கொரு நடைச்சங்கம் தொடங்கி, முதலாண்டு மாணவர்களை மூத்த மாணவர்களின் துணையோடு மலைக்கு அனுப்பிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.