இறுக்கமான டயரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும்

சைக்கிளுக்குப் புது டயர் மாட்டும்போது முக்கால்வாசி சுலபமாக ஏறிவிடும். கடைசி ஒரு சாண் மட்டும் ஏறவே ஏறாது. உடனே நம்ம மக்கள் தேடுவது ஸ்க்ரூ டிரைவரை! நெம்பு நெம்பென்று நெம்பி ஏற்றிவிட்டுக் காத்து அடித்தால்... புஸ்ஸ். உள்ளே டியூப் காலி. பழி மட்டும் டயர் மேலே.

என்னைக் கேட்டால் இதில் பலத்துக்கு வேலையே இல்லை. நம்ம ஊர் சாதா டயரின் இரண்டு ஓரத்திலும் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. இழுத்தால் அது நீளாது. ஆனால் ரிம்மின் நடுப்பகுதி, ஓரத்தைவிடச் சில மில்லிமீட்டர் பள்ளம். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஆரம்பித்து, ஏறிய பகுதியையெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே இரண்டு பக்கமும் வால்வை நோக்கி வந்தால், கடைசி சாணுக்கு இடம் கிடைத்துவிடும். பெருவிரலே போதும். ரொம்ப அடம்பிடித்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணி.

அப்படியும் ஏறவில்லையா? அளவைப் பாருங்கள். '26' என்று போட்டதெல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ டயருக்கு ரிம் விட்டம் 590 மி.மீ., மவுண்டன் பைக்கின் 26 × 1.95 டயருக்கு 559 மி.மீ. டயர் ஓரத்தில் பொடி எழுத்தில் 37-590 என்கிற மாதிரி இருக்கும். அந்தக் கடைசி மூன்று இலக்கம்தான் டயரின் ஜாதகம் :)

ஏறினால் மட்டும் போதாது, சரியாக உட்காரவும் வேண்டும். வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி விடுங்கள், அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். பாதிக் காத்து அடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு, சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரியணும். ஓரிடத்தில் மேலே எழும்பியோ உள்ளே மறைந்தோ இருந்தால் காத்தை இறக்கி, அந்த இடத்தைப் பிசைந்துவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

சமவெளியில் இதில் கோட்டை விட்டால் பெரும்பாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதோடு போயிற்று. போடிமெட்டிலிருந்து போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்த இறக்கத்தில் முன் டயர் ரிம்மை விட்டு நழுவினால்? யோசித்துப் பாருங்கள்.

"கடைக்காரர் மாட்டித் தருவாரே, நமக்கெதுக்கு?" என்பீர்கள். முந்தல் தாண்டி மலையேறிய பிறகு பாதி வழியில் எந்தக் கடைக்காரர் வருவார்? நம் அரசு 2001-இல் ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம் இன்று ப்ளஸ் ஒன் படிக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் வண்டி தருகிறது. நல்ல திட்டம். ஆனால் டயர் கழன்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பஞ்சருக்கு ஆளில்லாமல் சைக்கிள் திண்ணை ஓரம் சாய்ந்துவிட்டால், தூரத்து வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் தூரமாகிவிடுகிறது.

சைக்கிள் கொடுக்கிற அன்றைக்கே ஊர்ச் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு, ஒரே ஒரு பீரியடு, ஒவ்வொருவர் கையாலும் டயரைக் கழற்றி மாட்ட வைக்கலாம். செலவு? ஒரு கட்டி சோப்பும், அவருக்கு அரைநாள் கூலியும்தான்.