நரகத்துக்கு அஞ்சாதவள்

கிறிஸ்தவத்தைத் தாங்கி நிற்பது விசுவாசமா, நரக பயமா? இந்தக் கேள்விக்குப் பாரிஸில் 1310 ஜூன் 1 அன்றே பதில் கிடைத்துவிட்டது. அன்று மார்கரீத் பொரேத் என்ற பெண் உயிரோடு எரிக்கப்பட்டார். குற்றம் சுமத்தியது திருச்சபை, தீ வைத்தது அரசு.

அன்பில் கரைந்த ஆன்மா நரகத்துக்கு அஞ்சியோ சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டோ கடவுளை நாடுவதில்லை என்று எழுதினார் அவர். அதுவும் குருமார்களின் லத்தீனில் அல்ல, மக்கள் பேசிய பிரெஞ்சில். ஆயர் ஒருவர் அந்த நூலை எரித்துத் தடைசெய்த பிறகும் அதைப் பரப்பினார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்தும் விசாரணையாளருக்குப் பதில் சொல்ல மறுத்தார்.

அவர் கடவுளை மறுத்தவர் அல்ல, பயமில்லாமல் நேசித்தவர். அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. நரகத்துக்கு அஞ்சாத பெண்ணை எதைச் சொல்லி அடக்குவது? மறுமையின் நெருப்புக்கு அவர் நடுங்கவில்லை என்றதும் இம்மையிலேயே நெருப்பை மூட்டினார்கள். நம் பயம் கடவுளுக்குத் தேவையில்லை. அவர் பெயரால் நம்மை ஆள்பவர்களுக்குத்தான் தேவை.

அந்த நூலோ அழியவில்லை. எழுதியவர் பெயர் தெரியாமலே துறவிகள் அதை நூற்றாண்டுகளாகப் பக்தியோடு படித்தார்கள். அது மார்கரீத்துடையது என்று 1946இல் கண்டுபிடித்துச் சொன்னவரும் ஒரு பெண்தான்: ரோமானா குவார்னியேரி.