வாயில் ஒரு மரு வந்தால் தலாக் வரை போக வேண்டுமா?



வெட்கப்பட்டு எல்லாரும் மூடி வைக்கும் விஷயம் இது. ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

கணவனின் உதட்டுக்குள் சின்னதாக ஒரு மரு. மனைவி போனில் தேடிப் பார்க்கிறாள். 'பாலியல் நோய்' என்று வருகிறது. அன்றிரவே சண்டை, மறுநாள் உம்மா வீடு. இப்படி உடையப் பார்த்த குடும்பங்களை நாங்கள் அறிவோம். சில நேரம் குற்றவாளிக் கூண்டில் நிற்பது மனைவி.

முதலில் ஒன்று. வாயில் வரும் எல்லாக் கட்டியும் மரு அல்ல. பல் கடிபட்டும் சதை வளரும். மருவாகவே இருந்தாலும் அதற்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் மரு உள்ளவர் விரலைக் கடித்தாலும் வாய்க்கு வரலாம். உறவின் மூலமும் தொற்றலாம். தொற்றி மாதங்கள், வருடங்கள் கழித்தும் வெளியே தெரியலாம். ஆகவே எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று மருவைப் பார்த்துச் சொல்ல டாக்டராலும் முடியாது. அவதூறு சொல்ல நான்கு சாட்சி கேட்கும் மார்க்கம் நம்முடையது. ஒரு மருவைச் சாட்சியாக்க நமக்கு என்ன உரிமை?

அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெற்றிலை, பாக்கு போடுபவர்கள் கட்டாயம் காட்டுங்கள். ஆறாத புண்ணும் வெள்ளைப் படையும் மருவை விட ஆபத்தானவை. சந்தேகம் இருந்தால் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். இலவசம், இரகசியம் காக்கப்படும். 35 வயதான சகோதரிகளுக்குச் சுவநாரி கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் இருக்கிறது.

ஆசிரியர்களாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே எச்பிவி தடுப்பூசி இரண்டு தடவை போடுகிறார்கள். "எங்கட புள்ளைக்கு எதுக்கு டீச்சர் இந்த ஊசி?" என்று கேட்கிறீர்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இந்த வைரஸ்தான் காரணம். ஒழுக்கமாக வளர்ந்த பிள்ளைக்கும் நாளை கணவனிடமிருந்து தொற்றலாம். தொற்றுவதற்கு முன் போட்டால்தான் முழுப் பயன். இது பிள்ளையின் ஒழுக்கத்துக்கான சான்றிதழ் அல்ல, உயிருக்கான காவல்.

எல்கடுவையிலிருந்து மாத்தளைக்கு பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி. காதி நீதிமன்றத்துக்கும் அதே பஸ்தான். எங்கே முதலில் இறங்குவது என்று யோசியுங்கள்.

அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக.